கராகுச்சி சாக்கே: +12 பாட்டில் சப்புன்னு இருக்கு, +3 பாட்டில் சுள்ளுன்னு இருக்கு, எப்படி?

நைட்ஷிப்ட்_நண்பன் (கேள்வி)

டோக்கியோ வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இவ்ளோ நாளா ஆபீஸ் நோமிகாய்ல (குடி பார்ட்டி) பீர், இல்லன்னா லெமன் சவர், அதோட நிறுத்திக்குவேன். போன மாசம் எங்க செக்‌ஷன்ல ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் எனக்கு ஒரு ஒச்சோகோல, அதான் சின்னக் கிண்ணம், சாக்கே (ஜப்பான் அரிசி மது) ஊத்திக் குடுத்தாரு, "கராகுச்சி"ன்னு சொன்னாரு, நான் காரம்னு நினைச்சு பயந்துக்கிட்டே வாய்ல வெச்சேன், காரமும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆனா முழுங்கினதும் வாய் கழுவி விட்ட மாதிரி சுத்தமா இருந்துச்சு, அடுத்த வாய் மீன் சாப்பிடணும்னு தானா கை போச்சு. அந்த ஃபீல் பிடிச்சுப் போய் நானே வாங்கிப் பார்க்கலாம்னு கிளம்பினேன், அங்கதான் குழப்பம்.

கராகுச்சின்னா ட்ரை, அதாவது இனிப்பு இல்லாததுன்னு தெரிஞ்சுக்கிட்டு கடையில "ரொம்ப ட்ரையா எது"ன்னு கேட்டேன், லேபிள்ல நிஹோன்ஷுதோங்கற எண் +12ன்னு போட்ட ஒரு ஹோன்ஜோஸோ வகை சாக்கே எடுத்துக் குடுத்தாங்க. நம்பர் பெருசா இருந்தா ட்ரைன்னு நெட்லயும் படிச்சிருந்தேன். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ்ல ராத்திரி பூரா வெச்சு ஜில்லுன்னு குடிச்சா முதல்ல தண்ணி மாதிரி சப்புன்னு இருக்கு, அப்புறம் ஊசி போடறதுக்கு முன்னாடி கையில தேய்ப்பாங்களே பஞ்சு, அந்த வாசனை மூக்குல ஏறுது, அவ்ளோதான். பத்து நாள் கழிச்சு வேற ஒரு பாட்டில், கிமோதோ ஜுன்மாய் (வெளி ஆல்கஹால் சேர்க்காத வகை), +3 தான் போட்டிருக்கு, அது பாட்டுக்கு நாக்கோட ரெண்டு பக்கமும் சுள்ளுன்னு பிடிச்சு அப்படியே விட்டுடுது. +3 எப்படிங்க +12-ஐ விட ட்ரையா இருக்கும்? நம்பர் பொய்யா, என் நாக்கு பொய்யா?

இன்னொண்ணு, +12 பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருக்கு. 720 மில்லி, 1,500 யென்னுக்கு மேல குடுத்து வாங்கினது, சிங்க்ல ஊத்த மனசு வரல. எதாவது பண்ண முடியுமா?

கொஜி_பைத்தியம்

நம்பரும் பொய் இல்ல, உங்க நாக்கும் பொய் இல்ல. நிஹோன்ஷுதோ ருசியை அளக்கறதே இல்ல, அது எடையை அளக்குது. சாக்கேயை 15 டிகிரிக்கு கொண்டு வந்து அதுல ஒரு மிதவையைப் போட்டுப் பார்ப்பாங்க. 4 டிகிரி தண்ணியோட அடர்த்திதான் ஜீரோ. சர்க்கரை கரைஞ்சிருந்தா கனம் கூடும், மைனஸ் பக்கம் போகும். சர்க்கரை குறைஞ்சு ஆல்கஹால் கூடினா லேசாகும், பிளஸ் பக்கம் போகும். உங்க +12 பாட்டில் கணக்குப்படி ஒரு லிட்டர் சுமார் 992 கிராம், +3 பாட்டில் சுமார் 998 கிராம். ஆறு கிராம் வித்தியாசம்தான், அதுக்குத்தான் இவ்ளோ பில்டப்.

இதுல ஒரு குசும்பு கவனிங்க. ஆல்கஹால் தண்ணியை விட லேசு. ஹோன்ஜோஸோல கடைசி கட்டத்துல கொஞ்சம் வெளி ஆல்கஹால் சேர்ப்பாங்க (அரிசி எடையில 10 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு ரூல்). அப்படி சேர்த்தா சர்க்கரை ஒரு துளி குறையாட்டாலும் மிதவை பிளஸ் பக்கம் நகரும். அதுக்காக ஹோன்ஜோஸோ மட்டம்னு சொல்ல வரல, நல்ல ஹோன்ஜோஸோ எனக்கு உயிரு, நம்பரை மட்டும் நம்பாதீங்கன்னு சொல்றேன்.

இனி லேபிள்ல நிஹோன்ஷுதோவுக்குப் பக்கத்துல சான்தோன்னு ஒரு எண் இருக்கும் பாருங்க, அதான் புளிப்புக் கணக்கு. 1.2, 1.3ன்னு இருந்தா லேசு, 1.8, 2.0 பக்கம் போனா கெட்டி. ஒரே நிஹோன்ஷுதோ இருக்கற ரெண்டு பாட்டில்ல அமிலம் கூட இருக்கறதுதான் நாக்குக்கு ட்ரையா தெரியும், ஏன்னா புளிப்பு இனிப்பை மறைச்சிடும். கிமோதோங்கறது லாக்டிக் அமிலத்தை வெளில இருந்து ஊத்தாம, லாக்டிக் பாக்டீரியாவைத் தொட்டியிலயே வளரவிட்டு செய்யற பழைய முறை, அதுல பொதுவா அமிலமும் உமாமியும் (சூப் மாதிரி ஒரு கெட்டி ருசி) கூட வரும். உங்க +3 பாட்டில்ல சான்தோ என்ன போட்டிருக்குன்னு பாருங்க, நான் பந்தயம் கட்டறேன்.

நைட்ஷிப்ட்_நண்பன்

பார்த்தேன். +3 பாட்டில் 2.0. +12 பாட்டில் 1.2. பந்தயம் நீங்க ஜெயிச்சீங்க ப்ரோ 🙏

ஒரு_கோ_போதும்

கராகுச்சின்னதும் காரம்னு நினைச்சது தப்பே இல்ல, ஜப்பான்ல காரத்துக்கும் கராய்னுதான் சொல்றாங்க, கறி பாக்கெட்லயும் அதே கராகுச்சிதான் எழுதியிருக்கு. உடனே யாரும் ஓனோ சுசுமு எழுதின தமிழ்-ஜப்பானிய உறவு ஆராய்ச்சியைத் தூக்கிட்டு வந்துடாதீங்க, அதுக்கு வேற த்ரெட் போடலாம்.

எனக்கு இந்த "கராகுச்சி குடுங்க" கலாச்சாரமே கொஞ்சம் எரிச்சல். அது எங்கருந்து வந்துச்சுன்னு பாருங்க. போருக்கு அப்புறம் அரிசி பஞ்சம், அதனால சாக்கேல ஆல்கஹால், குளுக்கோஸ், அமிலம் எல்லாம் கலந்து ஒண்ணை மூணாக்கினாங்க, பேரே சான்ஸோஷு, மும்மடங்கு சாக்கே. நாக்குல ஒட்டற இனிப்பு. பஞ்சம் போயும் பழக்கம் போகல. அதுல வெறுத்துப் போன ஜனங்களுக்கு நீகாத்தாங்கற மாகாணத்து லேசான ட்ரை சாக்கே கிடைச்சப்ப தலையில தூக்கி வெச்சு ஆடினாங்க. கோஷி நோ கான்பாய் மாதிரி ஒரு பேரு 'கிடைக்காத சாக்கே'ன்னே ஃபேமஸ் ஆச்சு, 1985-ல குபோத்தான்னு இன்னொரு நீகாத்தா சாக்கே வந்துச்சு, 1987-ல பீர்லயே அசாஹியோட சூப்பர் ட்ரை வந்து கராகுச்சிங்கற வார்த்தையை நாடு பூரா பரப்பிடுச்சு. அதுலருந்து ட்ரைன்னா கெத்து, இனிப்புன்னா மட்டம்னு ஒரு நினைப்பு. இப்பவும் இஸகாயால, அதான் சின்ன மதுக்கடைல, ஒருத்தர் "கராகுச்சி"ன்னு ஆர்டர் பண்ணிட்டு, வந்த பழ வாசனை கின்ஜோவை "ஆஹா என்னா ட்ரை"ன்னு குடிக்கறதை நான் பக்கத்து டேபிள்ல உக்காந்து பார்த்திருக்கேன்.

கடையில கேக்கறப்ப ட்ரைன்னு கேக்காதீங்க, "கிரெ கா ஈ", அதாவது கிரெ நல்லா இருக்கறது கேளுங்க. கிரென்னா வெட்டு. நம்ம பாஷைல நறுக்குன்னு சொல்றோம்ல, நறுக்குன்னு நாலு வார்த்தை பேசினான்னு, அதே சங்கதி. வாய்ல ருசி நறுக்குன்னு முடியணும். அந்தப் பெரியவர் குடுத்ததுல நீங்க ரசிச்சது இதைத்தான், சர்க்கரை இல்லாததை இல்ல.

கோபே_அக்கா

ஒரு_கோ சொல்றதுல பாதிக்கு ஒத்துக்கறேன், ஆனா ட்ரை சாக்கே ஏதோ எண்பதுகள்ல வந்த ஃபேஷன்ங்கற மாதிரி சொன்னதை ஒத்துக்க மாட்டேன் தம்பி. நான் இருக்கறது நாதா பக்கம், கோபேவை ஒட்டின சாக்கே வட்டாரம், இங்க எடோ காலத்துலருந்தே முறைப்பான சாக்கேதான், இங்கருந்து கப்பல்ல எடோவுக்கு (டோக்கியோவோட பழைய பேரு) போனதுதான் அந்தக் காலத்துல டோக்கியோ ஆளுங்க குடிச்சது. கிகுமாசாமுனே 1659-லருந்து இருக்காங்க, இன்னைக்கும் கிமோதோவும் கராகுச்சியும்தான் அவங்க பேச்சு.

காரணம் தண்ணி. நிஷினோமியால மியாமிஸுன்னு ஒரு ஊத்துத் தண்ணி, 1840-ல யமமுரா தஸாஎமோன்ங்கற சாக்கேக்காரர் கண்டுபிடிச்சாருன்னு சொல்லுவாங்க. அவருக்கு ரெண்டு இடத்துல பட்டறை, ஒரே அரிசி ஒரே ஆளுங்க, ஆனா ஒரு இடத்து சாக்கே மட்டும் நல்லா வருது, ஆளை மாத்திப் பார்த்தாரு ஒண்ணும் ஆகல, தண்ணியைத் தூக்கிட்டுப் போய்ப் பார்த்தாரு, வித்தியாசம் பிடிபட்டுச்சு. சாக்கேயோட நிறத்தையும் வாசனையையும் கெடுக்கற இரும்பு அதுல ரொம்பக் கம்மி, ஈஸ்ட்டுக்கு வேணுங்கற பாஸ்பரஸ், பொட்டாசியம் நிறைய. ஈஸ்ட் நல்லா சாப்பிட்டு வெறியா வேலை செஞ்சு சர்க்கரையைத் தீத்துடும், அதனால ட்ரை. க்யோதோ ஃபுஷிமில தண்ணி அதைவிட மென்மை, மெதுவா நொதிக்கும், சாக்கேயும் மென்மை. அதனால நாதாவை ஆம்பளை சாக்கே, ஃபுஷிமியைப் பொம்பளை சாக்கேன்னு பேரு வெச்சாங்க, எனக்கு அந்தப் பேரு சுத்தமா பிடிக்காது, இங்க நாதால எங்க தெருப் பாட்டிங்க குடிக்கறதை வந்து பாருங்க அப்புறம் பேசலாம்.

ஆனா மென்மையான தண்ணின்னா இனிப்புன்னு முடிவு கட்டிடாதீங்க. நீகாத்தால பனி உருகின தண்ணி, ரொம்ப மென்மை, ஆனா அங்கதான் தான்ரெய் கராகுச்சி, லேசான ட்ரை. கொஹியாகுமான்கோகுன்னு அவங்க ஊர் அரிசி, அதை நல்லா தீட்டி, குளிர்ல நிதானமா நொதிக்க விட்டு எடுக்கறாங்க. ஆக ட்ரைலயே ரெண்டு ஜாதி: நாதாவோடது எலும்பு இருக்கற ட்ரை, நீகாத்தாவோடது தண்ணியா ஓடற ட்ரை. உங்க +12 ரெண்டாவது ரகம், அதை ஜில்லுன்னு தனியா குடிச்சா சப்புன்னுதான் இருக்கும், அது தனியா குடிக்கறதுக்கு செஞ்சதே இல்ல.

சிங்க்ல ஊத்தாதீங்க, சூடு பண்ணுங்க. சின்னப் பாத்திரத்துல தண்ணி கொதிக்க விட்டு அடுப்பை அணைச்சிடுங்க. தொக்குரில (சாக்கே ஊத்தற சின்னக் குடுவை) கழுத்து வரைக்கும்தான் ஊத்தணும், சூடானா மேல ஏறும். அந்தத் தண்ணில தோள் முங்கற மாதிரி ரெண்டு மூணு நிமிஷம் வைங்க. தொக்குரி இல்லன்னா சின்ன காபி மக் போதும். அடியைத் தொட்டுப் பார்த்தா வெதுவெதுன்னு இருக்கணும், கை சுட்டா ஓவர். 40 டிகிரி நுருகான், 45 ஜோகான், 50 அட்சுகான். ஹோன்ஜோஸோவுக்கு 45 வரைக்கும் தைரியமா போலாம். லாக்டிக், சக்சினிக் மாதிரி அமிலம் எல்லாம் சூட்டுல மெத்துன்னு ஆகும், அரிசி ருசி முன்னாடி வரும், முடிவு நறுக்குன்னே இருக்கும். ஃபிரிட்ஜ்ல 5 டிகிரில வாசனையும் மூடிக்கும் உமாமியும் மூடிக்கும், மிச்சம் இருக்கறது ஆல்கஹால்தான், உங்க பஞ்சு வாசனை அதான்.

மூடிய_தொலைச்சவன்

அக்கா மைக்ரோவேவ் ஓகேவா? அடுப்புக்கும் தொக்குரிக்கும் யாரு அலையறது

கோபே_அக்கா

ஓகேதான், ஆனா மேல கொதிக்கும் அடில ஜில்லுன்னு இருக்கும். இருபது இருபது செகண்டா வெச்சு நடுவுல சாப்ஸ்டிக்கால கலக்கிடுங்க. டாய்கின்ஜோவை (அரிசியை ரொம்ப தீட்டி செய்யற வாசனை சாக்கே) மட்டும் அப்படிப் பண்ணிட்டு வந்து எங்கிட்ட சொல்லாதீங்க.

இலைதழை_மட்டும்

எல்லாரும் மீனு மீனுன்னு சொல்றீங்க, நான் சைவம், ஆனா ட்ரை சாக்கே ரசிகன், அதனால என் பங்குக்கு. சைவத்துக்கு லேசான கராகுச்சி அவ்ளோ பொருத்தம், ஏன்னா அது சாப்பாட்டை மூடாது. ஹியயாக்கோ, அதாவது ஜில்லுன்னு தோஃபு, ஆனா மேல கத்சுஓபுஷி (காஞ்ச மீன் சீவல்) தூவிடுவாங்க, "கத்சுஓபுஷி நாஷி தே", அது இல்லாமன்னு முன்னாடியே சொல்லிடணும். சோயா சாஸுக்குப் பதிலா உப்பு கேளுங்க, தோஃபுவோட பால் ருசி தெரியும், அதுமேல ஒரு வாய் சாக்கே, ஐயோ. எடமாமெ (பச்சை சோயா) எப்பவும் இருக்கும். இலையுதிர் காலத்துல வறுத்த கின்னான் (கிங்கோ மரத்துக் கொட்டை) வரும், ஓட்டை உடைச்சு பச்சையா பளபளன்னு எடுத்து உப்புல தொட்டு, லேசா கசக்கும், அந்தக் கசப்பும் ட்ரை சாக்கேயும் சேர்ந்தா வேற லெவல். ஷியிதாகே காளானை உப்பு போட்டு சுட்டது. காய்கறி தெம்புரா உப்போட, தெம்புரா தொட்டுக்கற தண்ணில மீன் தாஷி (மீன் வடிசாறு) இருக்கும், பொரிச்ச அகெதாஷி தோஃபுலயும் அதே கதைதான், கவனம். மிசோ (புளிக்க வெச்ச சோயா விழுது) தடவின கத்திரிக்காய்க்கு மட்டும் லேசான சாக்கே தாங்காது, அதுக்கு உங்க கிமோதோவை எடுங்க.

ஒரு_கோ_போதும்

@கோபே_அக்கா நாதா விஷயம் ஒத்துக்கறேன், தப்பு என் மேலதான், டோக்கியோக்காரன் புத்தி.

கேள்வி கேட்டவருக்கு ஒரு ஐடியா. பாட்டில் பாட்டிலா வாங்கி ஏமாறாம ஒரு சனிக்கிழமை நீகாத்தால இருக்கற எச்சிகோ யுஸாவா போங்க. டோக்கியோல இருந்து ஷின்கான்சென் புல்லட் ட்ரெயின்ல ஒண்ணேகால் மணி நேரம் சுமாரா. ஸ்டேஷனுக்குள்ளயே போன்ஷுகான்னு ஒரு இடம், சுவர் பூரா மெஷின், நீகாத்தா பட்டறைங்களோட நூத்துக்கு மேல சாக்கே. நான் போனப்ப 500 யென்னுக்கு அஞ்சு காசு குடுத்தாங்க, ஒரு காசு போட்டா ஒரு ஒச்சோகோ. ஒவ்வொண்ணு மேலயும் ட்ரையா இனிப்பா லேசா கெட்டியான்னு எழுதி வெச்சிருக்கும். நான் அஞ்சு காசையும் +10க்கு மேலயே போட்டேன், முட்டாள்தனம், மூணாவதுக்கு அப்புறம் எல்லாம் ஒண்ணுதான். நீங்க ஒரு மைனஸ்ல ஆரம்பிங்க, அப்புறம் +3, அப்புறம் +10, பக்கத்துல பக்கத்துல வெச்சாதான் நாக்குக்கு அளவுகோல் கிடைக்கும். அங்கயே விதவிதமா உப்பு வெச்சிருப்பாங்க, வெள்ளரிக்காய் மிசோவும் வாங்கலாம், உப்பை ஒரு கிள்ளு நாக்குல வெச்சுட்டு ட்ரை சாக்கே குடிச்சா திடீர்னு இனிப்பு தெரியும், அதை அங்கதான் கத்துக்கிட்டேன்.

குடிக்கற முறையும் சொல்லிடறேன், ஷாட் மாதிரி கவுக்காதீங்க. அஞ்சு மில்லி போதும், நாக்கு பூரா உருட்டுங்க, முழுங்கிட்டு மூக்கு வழியா மூச்சை விடுங்க. அப்ப வர்ற வாசனைக்குத் தனிப் பேரே இருக்கு, ஃபுகுமிகா. அப்புறம் மனசுக்குள்ள எண்ணுங்க, ருசி எத்தனை எண்ணிக்கைல மறையுதுன்னு. எனக்கு இதான் ட்ரை மீட்டர். சாக்கே எவ்ளோ குடிக்கறீங்களோ அவ்ளோ தண்ணி கூடவே, யவாராகி மிஸுன்னு கேட்டா குடுப்பாங்க. ட்ரையா இருக்கு லேசா இருக்குன்னு ஏமாந்துடாதீங்க, 15, 16 சதவீதம், ஒரு கோ 180 மில்லில சுமார் 22 கிராம் சுத்த ஆல்கஹால். என் பேருக்குக் காரணம் அதான். முக்கியமா சைக்கிள்ல போகாதீங்க, 2024 நவம்பர்லருந்து சைக்கிள் ஓட்டறப்ப மூச்சுல குறிப்பிட்ட அளவு ஆல்கஹால் இருந்தாலே 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 5 லட்சம் யென் வரைக்கும் ஃபைன்னு ஆக்கிட்டாங்க.

கொஜி_பைத்தியம்

இன்னொரு பொறி இருக்கு, ஹியான்னு கேட்டா ஜில்லுன்னு அர்த்தம் இல்ல, ரூம் டெம்பரேச்சர். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துல சூடு பண்ணாதது எல்லாம் ஹியா. ஜில்லுன்னு வேணும்னா ரெய்ஷுன்னு கேளுங்க. சின்னக் கடைங்கள்ல அவங்களே குழம்புவாங்க, அது வேற.

நைட்ஷிப்ட்_நண்பன்

ஒரு வாரம் கழிச்சு வந்து ரிப்போர்ட் பண்றேன். நூறு யென் கடைல மூணு ஒச்சோகோ வாங்கினேன், சமையல் தெர்மாமீட்டர் ஏற்கனவே இருந்துச்சு. +12 பாட்டிலை மூணா பிரிச்சேன், ஒண்ணு ஃபிரிட்ஜ்லருந்து அப்படியே, ஒண்ணு மதியமே வெளில எடுத்து வெச்சது, ஒண்ணு அக்கா சொன்ன மாதிரி கொதிதண்ணில இறக்கி, முதல் தடவை பராக்கு பார்த்து 58 ஆயிடுச்சு, மூக்கைக் கிழிச்சுடுச்சு, கொஞ்ச நேரம் ஆறவெச்சு 43ல குடிச்சேன்.

ஃபிரிட்ஜ்ல இருந்தது அதே பஞ்சு. வெளில வெச்சது பரவால்ல. 43ல மூடி திறந்த குக்கர் மாதிரி சாதம் வெந்த வாசனை வந்துச்சுங்க, சத்தியமா, இத்தனை நாள் இது எங்க ஒளிஞ்சிருந்துச்சு? முதல்ல லேசா ஒரு இனிப்பு, கராகுச்சில இனிப்பு!, அப்புறம் எண்ணினேன், மூணு எண்றதுக்குள்ள போயிடுச்சு. கிமோதோ ஏழு வரைக்கும் நின்னுச்சு. ஆக சுள்ளுன்னு பிடிக்கறது வேற, நறுக்குன்னு முடியறது வேற, நான் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சிட்டிருந்தேன்.

தோஃபுவும் உப்பும் ட்ரை பண்ணேன் @இலைதழை, உப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு, ஆனா புரிஞ்சுது. அப்புறம் சூப்பர் மார்க்கெட்ல சபா (கானாங்கெளுத்தி) மீன் உப்பு போட்டு சுட்டது வாங்கி வந்து அதோட குடிச்சேன், அந்த எண்ணெய்ப்பசை ஒரு வாய்ல கழுவிட்டுப் போச்சு, பெரியவர் குடுத்த அதே ஃபீல். பாட்டில்ல ரெண்டு ஒச்சோகோ அளவுதான் மிச்சம்.

ஒரே ஒரு கேள்வி. திறந்து மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, கெட்டுப் போகாதுல்ல?

கோபே_அக்கா

ஹோன்ஜோஸோ, ஹியிரே பண்ணி சூடு காட்டினதுதானே, வெளிச்சம் படாம ஃபிரிட்ஜ்ல இருந்தா குடிக்கலாம், வாசனை மட்டும் கொஞ்சம் மங்கும். லேபிள்ல நாமா, அதாவது சூடு காட்டாததுன்னு இருந்தாதான் அவசரம். ரெண்டு ஒச்சோகோவுக்கு எதுக்குத் தம்பி யோசனை, இன்னைக்கே முடிங்க.